காவல்துறையை விசாரிக்கத் தகுதி யாருக்கு?

2025 ஜூன் மாத இறுதியில், சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலில் காவலாளியாகப் பணியாற்றிய இளைஞர் ஒருவர் காவலர்களின் விசாரணையில் உயிரிழந்தார். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பு சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலர்களால் தாக்கப்பட்டு உயிரிழந்தனர். இரண்டு வழக்குகளிலும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்ட பிறகே விசாரணை வேகம் பெற்றது. சாத்தான்குளம் காவல்நிலையத்துக்கு உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவரே, காவலர்கள் ஒத்துழைக்க மறுத்துத் தம்மை இழிவுபடுத்தினர் என்று அறிக்கை அளிக்க நேர்ந்தது.

நீதித்துறை நடுவருக்கே இந்த நிலை எனில், சேரியிலிருந்து மனுவோடு வரும் ஒரு கூலித் தொழிலாளி எந்தக் கதவைத் தட்டுவார்? சட்டப்படி அதற்கென ஓர் அமைப்பு இருக்கிறது. மாநில அளவில் ஒன்றும் மாவட்டந்தோறும் ஒன்றுமாக அமைக்கப்படும் காவல்துறைப் புகார் ஆணையம் அது. போராட்டக் களத்தில் நிற்கும் தோழர்களிலேயே பலர் அதன் பெயரை அறிந்ததில்லை. அந்த ஆணையத்தில் அமரத் தகுதியுடையோர் யார் என்னும் விதியைப் படித்தால், அது மக்களிடம் வந்து சேராததன் காரணம் விளங்கும். தகுதி விதி என்பது வெறும் நடைமுறை விவரம் என்று எண்ணி நாம் கடந்துவிடுகிறோம். ஆனால் யாருடைய சொல் நம்பப்படும், யாருடைய அனுபவம் சாட்சியாகக்கூட மதிக்கப்படாமல் போகும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுவது அந்த விதிதான்.

உச்ச நீதிமன்றம் சொன்னதும் தமிழ்நாடு செய்ததும்

முன்னாள் காவல்துறை இயக்குநர் பிரகாஷ் சிங் 1996இல் தொடுத்த வழக்கில், 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகளைப் பிறப்பித்தது. அவற்றுள் ஒன்று புகார் ஆணையம் பற்றியது. மாநில ஆணையத்துக்கு உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற ஓய்வு பெற்ற நீதிபதி தலைவராக வேண்டும். மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி தலைவராக வேண்டும். தலைமை நீதிபதி அளிக்கும் பெயர்ப் பட்டியலிலிருந்தே அவர்களை அரசு தேர்ந்தெடுக்க வேண்டும். பிற உறுப்பினர்களை மாநில மனித உரிமை ஆணையம், லோக் ஆயுக்தா, அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆகியவை தயாரிக்கும் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். அப்பட்டியலில் ஓய்வு பெற்ற அதிகாரிகளோடு குடிமைச் சமூகத்தைச் சேர்ந்தவர்களும் இடம்பெறலாம். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும். ஆட்சியாளரின் விருப்பத்துக்கும் உறுப்பினர் நியமனத்துக்கும் இடையே ஒரு சுவர் எழுப்பப்பட வேண்டும் என்பதே அக்கட்டளையின் சாரம்.

தமிழ்நாடு அரசு 2013இல் காவல்துறைச் சீர்திருத்தச் சட்டத்தை இயற்றியது. அதன்படி மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலாளர். உறுப்பினர்கள் இருவர்: காவல்துறைத் தலைமை இயக்குநரும், சட்டம் ஒழுங்குப் பிரிவின் கூடுதல் தலைமை இயக்குநரும். மாவட்ட ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர். உறுப்பினர்கள் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரும் கூடுதல் கண்காணிப்பாளரும். மூன்று நாற்காலிகளில் இரண்டு சீருடைக்கு. மூன்றாவது, அந்தச் சீருடையை நிர்வகிக்கும் அரசுக்கு. இவ்வமைப்பை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குகளும் தொடரப்பட்டன.

இதன் பொருளை ஒரு எளிய சோதனையால் அறியலாம். சோலி சொராப்ஜி தலைமையிலான குழு 2006 அக்டோபரில் ஒன்றிய அரசுக்கு அளித்த மாதிரிக் காவல் சட்டத்தில், யாரெல்லாம் ஆணையத்தில் உறுப்பினராகத் தகுதியற்றவர் என்று ஒரு பட்டியல் உண்டு. காவல்துறையிலோ இராணுவத்திலோ பணியில் இருப்பவரும், நியமனத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களுக்குள் அப்பணியில் இருந்தவரும் தகுதியற்றவர். அரசுப் பணியில் இருக்கும் எவரும் தகுதியற்றவர். இந்த இரு விதிகளையும் தமிழ்நாட்டு ஆணையத்தின்மீது வைத்துப் பாருங்கள். தலைவர் உட்பட மூவருமே தகுதி இழக்கிறார்கள். மாவட்ட ஆணையத்திலும் அதே மூவர் கதை. மாதிரிச் சட்டம் வாசலில் தடுத்து நிறுத்தச் சொன்னவர்களைக் கொண்டே தமிழ்நாடு தன் ஆணையத்தை நிரப்பியிருக்கிறது.

வாச்சாத்தி என்னும் உரைகல்

மேலதிகாரிகள் தம் கீழ்ப் பணியாளர்களைக் கண்டிப்புடன் விசாரிப்பார்கள் என்றும், காவல்துறையைச் சாராத ஆட்சியர் தலைவராக இருப்பதே போதிய பாதுகாப்பு என்றும் வாதிடுவோர் உண்டு. இந்த வாதத்தை உரைத்துப் பார்க்க நம் வரலாற்றிலேயே ஓர் உரைகல் இருக்கிறது.

1992 ஜூன் 20 அன்று, அன்றைய தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்திலுள்ள வாச்சாத்தி என்னும் பழங்குடிக் கிராமத்துக்குள், சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகக் கூறி வனத்துறையினரும் காவலர்களும் வருவாய்த் துறையினரும் புகுந்தனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டனர். வீடுகள் சூறையாடப்பட்டன. பெண்களும் குழந்தைகளும் சிறைக்கு அனுப்பப்பட்டனர். மத்தியப் புலனாய்வுத் துறை 269 பேர்மீது குற்றம் சுமத்தியது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம், அவர்களில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என அறிவித்தது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது.

2023ஆம் ஆண்டுத் தீர்ப்பின் ஒரு பகுதி நம் விவாதத்துக்கு மிக முக்கியமானது. குற்றமிழைத்தவர்களைக் காப்பாற்ற முயன்றதற்காக, அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மீதும் நடவடிக்கை எடுக்குமாறு உயர் நீதிமன்றம் அரசுக்கு ஆணையிட்டது. ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும்! இன்றைய சட்டத்தின்படி மாவட்டப் புகார் ஆணையத்தில் தலைவராகவும் உறுப்பினராகவும் அமர்வது இதே பதவிகளை வகிப்பவர்கள். இன்னொரு வாச்சாத்தி நிகழ்ந்தால், அதன் மக்கள் மனுவைச் சுமந்துகொண்டு போய் நிற்க வேண்டியது அந்த அறையில்தான்.

ஆட்சியர்கள் அனைவரும் குற்றத்துக்குத் துணைபோவார்கள் என்று நாம் சொல்லவில்லை. நேர்மையான அதிகாரிகளை நாமும் கண்டிருக்கிறோம். ஆனால் சட்டம் ஒழுங்கைக் காக்கும் பொறுப்பில் ஆட்சியரும் கண்காணிப்பாளரும் நாள்தோறும் கூட்டாளிகள். தடையாணையை ஒருவர் பிறப்பிக்க மற்றவர் நிறைவேற்றுகிறார். காலையில் கூட்டாகப் பிறப்பித்த ஆணையின் விளைவை மாலையில் அவர்களே நடுநிலையோடு விசாரிப்பார்கள் என எதிர்பார்ப்பது தனிமனித நேர்மையைப் பற்றிய கேள்வியே இல்லை. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக எவரும் இருக்கலாகாது என்பது நீதியின் முதல் பாடம்.

ஓய்வு பெற்ற நீதிபதி வந்தால் போதுமா?

உச்ச நீதிமன்றக் கட்டளையை அப்படியே நிறைவேற்ற வேண்டும் என்பதே மனித உரிமை அமைப்புகளின் பொதுவான கோரிக்கை. அதை நாம் முழுமையாக ஆதரிக்கிறோம். ஆயினும் தலித் மக்களைப் பொறுத்தவரை அது பாதி வழிதான்.

2006ஆம் ஆண்டுக் கட்டளையில் நீதிபதி உண்டு, ஓய்வு பெற்ற அதிகாரி உண்டு, குடிமைச் சமூகத்தின் பிரதிநிதியும் உண்டு. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் இடம்பெற வேண்டும் என்னும் விதி அதில் இல்லை. மாதிரிச் சட்டம் குறைந்தது ஒரு பெண் உறுப்பினர் வேண்டும் என்கிறது. ஒருவருக்கு மேல் காவல்துறையினர் கூடாது என்கிறது. சாதி பற்றி அங்கும் மௌனமே.

இம்மௌனத்தின் விளைவு என்ன? 2018 முதல் நியமிக்கப்பட்ட உயர் நீதிமன்ற நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு நால்வர்கூட இல்லை என்பது நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசே அளித்த விவரங்களிலிருந்து தெரிகிறது. உயர் பதவிகளில் நாம் எண்ணிக்கையில் குறைவு. ஆகவே ஓய்வு பெற்ற உயர் அதிகாரிகளின் பட்டியலிலும் குறைவு. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். கொடியங்குளம் முதல் பரமக்குடி வரை காவல்துறையின் தடியையும் துப்பாக்கியையும் எதிர்கொண்ட மக்களின் பிரதிநிதி எவரும் இல்லாமலே, ஒரு விதியைக்கூட மீறாமல், முழு ஆணையத்தையும் அமைத்துவிட முடியும்.

குடிமைச் சமூகத்துக்கான இடத்துக்கும் மாதிரிச் சட்டம் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது: நற்பெயரும் சமூக மதிப்பும் உடையவர். சாதியச் சமூகத்தில் மதிப்பு என்பது யாருக்கு எளிதில் வாய்க்கிறது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. முப்பது ஆண்டுகள் காவல்நிலைய வாசலில் நின்று புகார்களைப் பதிவு செய்யவைத்த ஒரு தலித் பெண் களப்பணியாளரைவிட, நகரத்துச் சங்கம் ஒன்றின் தலைவர் மதிப்புடையவராகத் தோன்றுவதே இங்கு வழக்கம்.

வழக்கு உள்ளவர் தகுதியற்றவரா?

இதைவிடக் கூர்மையான தடை ஒன்றும் மாதிரிச் சட்டத்தில் இருக்கிறது. ஒழுக்கக்கேடான குற்றத்திலோ, ஓராண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத் தண்டனை விதிக்கத்தக்க குற்றத்திலோ தண்டிக்கப்பட்டவர் ஆணையத்தில் இருக்க முடியாது. அதோடு நிற்கவில்லை. அத்தகைய குற்றத்துக்காக வழக்கை எதிர்கொண்டு, நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்த நிலையில் இருப்பவரும் தகுதியற்றவர்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது நியாயமான விதி. குற்றவாளிகள் நீதி வழங்கும் இடத்தில் அமரலாகாது என்பதில் யாருக்கு மாற்றுக் கருத்து? ஆனால் நம் தெருக்களில் வழக்குகள் எப்படி உருவாகின்றன என்று பாருங்கள். தலித் ஒருவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் புகார் அளித்த மறுநாளே, அவர்மீது எதிர் வழக்கு பதிவாகிறது. சாலை மறியலில் ஈடுபட்டவர்மீது, அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்துத் தாக்கியதாகப் பிரிவு சேர்க்கப்படுகிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 353, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 132 என்னும் அப்பிரிவுக்கு இரண்டாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கலகம் செய்த குற்றத்துக்கும் அவ்வாறே. ஆக, மறியலில் நின்ற ஒருவர் ஓராண்டு என்னும் வரம்பைத் தாண்டுவதற்குக் காவல்நிலைய எழுத்தரின் ஒரு வரி போதும்.

குற்றச்சாட்டு வனைவது நீதிமன்றம் அல்லவா என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்தக் கட்டத்தில் நீதிமன்றத்தின் முன் இருப்பவை பெரும்பாலும் காவல்துறை திரட்டிய ஆவணங்களே. குற்றச்சாட்டு வனைந்த பின் வழக்கு முடிய ஆண்டுகள் பல ஆகும். அதுவரை அவர் தகுதியற்றவர். அதாவது, காவல்துறையை விசாரிக்க யாருக்குத் தகுதி இல்லை என்பதைத் தீர்மானிப்பதில் முதல் எழுத்தைக் காவல்துறையே எழுதுகிறது.

இதில் கல்லூரி மாணவர்களும் கவனம் கொள்ள வேண்டும். கடவுச்சீட்டுக்கும் அரசுப் பணிக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு என்றால் என்ன என்பதை நீங்கள் அறிவீர்கள். தமிழ்நாட்டுக் காவலர் பணித் தேர்வு விதிகளில், சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்யப்பட்டவர்கூட குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுகிறார். அதே மனப்போக்கு நாளை புகார் ஆணைய விதிகளுக்குள்ளும் நுழையுமானால், போராடிய ஒரு தலைமுறையே வாசலுக்கு வெளியே நிற்கும்.

பிற நாடுகள் எப்படி எழுதின?

காவல்துறையைக் குடிமக்கள் கண்காணிக்கும் வாரியங்கள் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் உள்ளன. கறுப்பின மக்களின் நெடிய போராட்டங்கள் அவற்றுக்குப் பின்னால் இருக்கின்றன. நியூயார்க்கில் 1966இல் மேயர் லிண்ட்சே, காவல்துறையினர் மட்டுமே இருந்த புகார் வாரியத்தில் குடிமக்களைச் சேர்த்தார். காவலர் சங்கம் அதை எதிர்த்து அதே ஆண்டு பொதுவாக்கெடுப்புக்குக் கொண்டுசென்று முறியடித்தது. முழுமையான குடிமக்கள் வாரியம் அங்கே செயல்படத் தொடங்கியது 1993இல்தான். உறுப்பினர் நாற்காலிக்காக ஒரு நகரம் கால் நூற்றாண்டுக்கு மேல் போராட நேர்ந்தது. இன்றைய விதிப்படி, காவல் ஆணையர் பரிந்துரைக்கும் மூவரைத் தவிர, காவல் பணி அனுபவம் உள்ள எவரும் அந்த வாரியத்தில் இருக்க முடியாது.

கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. 2016இல் வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட நகரச் சாசனத் திருத்தத்தின்படி, பணியிலிருக்கும் காவலர்களும் அந்நகரக் காவல்துறையின் முன்னாள் காவலர்களும் காவலர் சங்கப் பிரதிநிதிகளும் காவல் ஆணையத்தில் உறுப்பினராக முடியாது. காவல்துறையோடு மிக அடிக்கடி எதிர்ப்பட நேரும் சமூகங்களின் பிரதிநிதிகள் உறுப்பினர்களில் இடம்பெற வேண்டும் என்றும் அது எதிர்பார்க்கிறது. உறுப்பினர்களின் பின்னணி சரிபார்க்கப்பட வேண்டும். ஆனால் அச்சரிபார்ப்பைக் காவல்துறை செய்யக்கூடாது. நம் சிக்கலின் வேரை ஒரே வரியில் அறுக்கும் விதி இது. சிகாகோவின் ஆணையத்திலோ ஏழு உறுப்பினர்களில் இருவர் 18 முதல் 24 வயதுக்குட்பட்டவர்களாக இருக்க வேண்டும். காவலர்களால் அதிகம் நிறுத்தி விசாரிக்கப்படும் வயதினருக்கு அங்கே ஓர் இருக்கை இருக்கிறது.

இந்த வாரியங்களால் அந்நகரங்களில் காவல் வன்முறை ஒழிந்துவிடவில்லை. அங்கும் அதிகாரப் போராட்டம் தொடர்கிறது. ஆயினும், பாதிக்கப்படுவோரின் அனுபவத்தைத் தகுதிக் குறைவாகக் கருதாமல் தகுதியாகவே கருத ஒரு சட்டத்தால் முடியும் என்பதை அவ்விதிகள் காட்டுகின்றன.

நம் சட்டத்திலேயே உள்ள முன்மாதிரி

இதற்காக நாம் கடல் கடந்து செல்லவும் தேவையில்லை. 1995ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 17ஆம் விதி, மாவட்டந்தோறும் விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவை அமைக்கச் சொல்கிறது. அதில் பட்டியல் சாதி, பழங்குடி வகுப்புகளைச் சேர்ந்த மூன்று அதிகாரிகளும், அதே வகுப்புகளைச் சேர்ந்த அலுவல்சாரா உறுப்பினர்கள் ஐவர் வரையிலும் இருப்பர். மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் குழு கூட வேண்டும். சமூகப் பிரதிநிதித்துவத்தைத் தகுதி விதியாகவே எழுத இந்தியச் சட்டத்தால் முடியும் என்பதற்கு இதுவே சான்று.

அதன் குறையையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. அக்குழுவுக்கும் தலைவர் ஆட்சியரே. கண்காணிப்பாளரும் அதில் உறுப்பினர். நாற்காலி கிடைப்பதாலேயே அதிகாரம் கிடைத்துவிடாது. கையெழுத்திட மட்டும் அழைக்கப்படும் ஒற்றை தலித் உறுப்பினர் ஆணையத்துக்கு அலங்காரமாகலாம். மக்களுக்குப் பயன்பட மாட்டார். ஆகவே யார் அமர்வது என்பதோடு, அவரை யார் தேர்ந்தெடுப்பது, யாரால் நீக்க முடியும் என்பதையும் சேர்த்தே நாம் பேச வேண்டும்.

சாதியைக் கணக்கில் எடுத்தால் ஆணையம் சார்புடையதாகிவிடும் என்னும் எதிர்வாதம் வரும். இன்றைய ஆணையம் மட்டும் சார்பற்றதா? காவல்துறைக்குள்ளிருந்து மட்டும் உறுப்பினர்களை எடுப்பது சார்பு ஆகாது, காவல் வன்முறைக்கு ஆளாகும் மக்களிலிருந்து எடுப்பது மட்டும் சார்பு ஆகும் என்பது எந்த நியாயம்? ஒரு வழக்கில் நேரடித் தொடர்புள்ள உறுப்பினர் அவ்வழக்கிலிருந்து விலகி நிற்கலாம். நீதிமன்றங்களில் நீதிபதிகள் செய்வதும் அதுவே.

நாம் கோர வேண்டியவை

பிரகாஷ் சிங் தீர்ப்பு வெளிவந்து இருபது ஆண்டுகளை எட்டும் காலம் இது. அரசியல் கட்சிகளிடமும் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும்.

முதலாவதாக, பணியிலிருக்கும் காவல் அதிகாரிகளும் அரசு அதிகாரிகளும் புகார் ஆணையத்தில் இருக்கக்கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் அப்பகுதி திருத்தப்பட வேண்டும்.

இரண்டாவதாக, மாநில, மாவட்ட ஆணையங்கள் ஒவ்வொன்றிலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இடம் சட்டத்தாலேயே உறுதி செய்யப்பட வேண்டும். அவ்விடங்களுக்கான பெயர்ப் பட்டியலை, 2021இல் சட்டம் இயற்றி அமைக்கப்பட்ட மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் வெளிப்படையாக விண்ணப்பம் பெற்றுத் தயாரிக்கலாம்.

மூன்றாவதாக, சட்ட உதவி, வன்கொடுமை வழக்குகளில் களப்பணி, பாதிக்கப்பட்டோருடன் பணியாற்றிய அனுபவம் ஆகியவை பட்டத்துக்கும் பதவிக்கும் இணையான தகுதிகளாக எழுதப்பட வேண்டும்.

நான்காவதாக, கடுங்குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கு மட்டுமே தகுதியிழப்பு. நிலுவையிலுள்ள வழக்கு, குறிப்பாகப் போராட்ட வழக்கும் எதிர் வழக்கும், ஒருவரைத் தடுக்கக்கூடாது. கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற கடும் குற்றச்சாட்டு நிலுவையில் இருப்பின், பெயர்ப் பட்டியலைத் தயாரிக்கும் அமைப்பு அவ்வழக்கைத் தனியே ஆராய்ந்து காரணத்தை எழுதி முடிவெடுக்கட்டும்.

ஐந்தாவதாக, உறுப்பினரின் பின்னணிச் சரிபார்ப்பு காவல்துறையின் கையில் இருக்கக்கூடாது. பதவிக்காலம் உறுதி செய்யப்பட வேண்டும். அரசு நினைத்தபோது நீக்க முடியாத பாதுகாப்பும் வேண்டும்.

சட்டம் திருத்தப்படும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாணவத் தோழர்கள் இன்றே தம் மாவட்டத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு அளிக்கலாம். மாவட்டப் புகார் ஆணையத்தின் உறுப்பினர்கள் யார், எத்தனை முறை கூடினார்கள், எத்தனை புகார்கள் வந்தன, அவற்றில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அளித்தவை எத்தனை, எத்தனையில் நடவடிக்கை எடுக்கப்பட்டது என்னும் ஐந்து கேள்விகள் போதும். விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவைப் பற்றியும் இதே கேள்விகளைக் கேளுங்கள். மாவட்டந்தோறும் வரும் பதில்களை ஒன்றாகத் தொகுத்தால், அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரில் எவராலும் ஒதுக்கித்தள்ள முடியாத ஆவணமாக அது அமையும்.

வாச்சாத்தி மக்கள் தண்டனைத் தீர்ப்பைக் கேட்கப் பத்தொன்பது ஆண்டுகளும், அது மேல்முறையீட்டில் உறுதியாக முப்பத்தொரு ஆண்டுகளும் காத்திருந்தார்கள். காவல்துறையைக் கேள்வி கேட்கத் தங்களுக்குத் தகுதி உண்டு என்பதில் அவர்களுக்கு ஒருநாளும் ஐயம் இருந்ததில்லை. அந்தத் தகுதியைச் சட்டப் புத்தகத்தில் எழுதவைப்பது நம் தலைமுறையின் வேலை.